ஐந்து சுற்றுக் காற்று

முதலாவது அநியாயம், ஆனைமுனைக் கடற்கரையில் வலை உலர்த்தும் மணல்மேட்டை முள்கம்பியால் வளைத்து, பணக்காரர்கள் உலகம் சுற்றும் பாய்ப்படகுகளைக் கட்டுகிற யார்டை அங்கே எழுப்பியது. இரண்டாவது அநியாயம், பைபர் பூசும் ஷெட்டில் மூச்சு முட்டி இருமியவர்களுக்கு முகமூடிக்குப் பதிலாக ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்து, நெஞ்சில் இறங்கிய தூசியை வெல்லம் கரைத்துவிடும் என்று சொன்னது. மூன்றாவது அநியாயம், அந்த வெல்லத்தைப் பற்றித் துண்டறிக்கை அடித்து வாசலில் கொடுத்ததற்காகத் தொபியாஸைப் பதினான்கு மாதம் வேலையில்லாமல் வெளியே நிறுத்தியது. நான்காவது அநியாயம், பெரிய பாய்க்கு நண்டுப்பிடி வேண்டும் என்று கேட்டபோது அது வரைபடத்தில் இல்லை என்று சொல்லி, வார்த்துக் கொண்டுவந்த வெண்கலத்தைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தது. ஐந்தாவது அநியாயம், கார்த்திகை மாதத்தில், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருந்த நாளில், அந்த நண்டுப்பிடி இல்லாமலேயே படகை வெள்ளோட்டத்துக்கு எடுத்துப்போனது. ஆறாவது அநியாயம், போன படகில் கஸ்மீர் என்று ஒருவன் ஏறவே இல்லை என்று எழுதிக் கொடுத்தது.

இந்த ஆறையும் தொபியாஸ் இதே வரிசையில்தான் சொல்வார். டீக்கடையில் யாராவது நான்காவதை மூன்றாவதுக்கு முன்னால் இழுத்துவிட்டால், கையிலிருக்கும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் அவர் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. எழுத்துக்கூட்டியது துண்டறிக்கையில், உலகம் எத்தனை பெரியது என்று தெரிந்துகொண்டது துண்டறிக்கையில், எண் போடாத அநியாயத்தை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவான் என்று கற்றுக்கொண்டதும் துண்டறிக்கையில்தான். அறுபத்தொரு வயதில் அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி, எழுபது பேர் கொண்ட ஒரு சங்கம், இந்த வரிசை.

யார்டில் அவர் பாய்க்கயிறு வேலை பார்த்தார். கஸ்மீர் வார்ப்புப் பட்டறையில் இருந்தான். பெரிய பாயின் அடியில் படுக்கைவாட்டில் நீளும் மரத்தை யார்டில் பூம் என்பார்கள். மற்றப் படகுகளில் காற்று கூடினால் பாயின் அடியை மடித்துக் கட்டுவார்கள். இந்தப் படகில் பூமின் தலைப்பில் ஒரு கைப்பிடி இருந்தது, அதைச் சுற்றினால் பூமே உருளும், பாய் இறங்கி இறங்கி அதன்மேல் சுருண்டுகொள்ளும். தனியாள் ஒருவரே செய்துவிடலாம் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். விளம்பரத் தாளில் போடாதது ஒன்று: பாய் சுருளும் மரத்தின் நடுவில் எந்தக் கயிற்றையும் கட்ட முடியாது, கட்டினால் கயிறும் பாயோடு சேர்ந்து சுருண்டுவிடும். ஆகவே கடைசி நுனியில் மட்டும் ஒரு கயிறு. நடுவில் பிடி இல்லாத மரம் காற்றில் மேலே துள்ளும், பாய் பைபோல உப்பும், காற்று பின்புறமாகத் திரும்பினால் மரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே வீச்சில் வரும், வழியில் எவன் தலை இருக்கிறது என்று அது பார்க்காது. போதாததற்கு, சுற்று கூடக் கூட மரத்தின் பின்நுனி தாழ்ந்து தாழ்ந்து தலைக்குப் பக்கத்திலேயே வந்துவிடும்.

இதற்குக் கஸ்மீர் கண்டுபிடித்ததுதான் நண்டுப்பிடி. வாய் திறந்த வெண்கல வளையம், வாயின் இரண்டு நுனியிலும் சின்ன உருளைகள். சுருண்ட பாயின்மேல் அதை மாட்டினால் உள்ளே மரம் உருளும், வளையம் உருளாது. வளையத்தின் அடியிலிருந்து கப்பியும் கயிறும் போட்டுத் தளத்தோடு இழுத்துப் பிடித்தால் மரம் துள்ளாது, வீசாது. தொபியாஸ் அத்தோடு இரண்டு சேர்த்தார். பின்நுனி தாழாமலிருக்க மரத்தின் பின்பாதியில் மெல்லிய சட்டங்களை அறைந்து தடிப்பாக்குவது ஒன்று. நுனிக்கயிற்றின் பிடி இடமும் வலமும் நகர்வதற்குப் படகின் பின்புறத்தில் குறுக்கே ஒரு தண்டவாளம் வைப்பது இன்னொன்று. மூன்றையும் ஒரு தாளில் எண் போட்டு எழுதி மேனேஜர் சீதாபதியிடம் கொடுத்தார்கள்.

"வெளிநாட்டுல படிச்சவன் வரைஞ்சு அனுப்பியிருக்கான். அவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோ?" என்றார் சீதாபதி.

"அவன் மண்டை இங்க இல்லய்யா, எங்க மண்டைதான இங்க இருக்கு" என்றான் கஸ்மீர்.

வளையம் இரும்புக் குவியலுக்குப் போனது. மாலையில் அதை எடுத்துக்கொண்டு கஸ்மீர் வீட்டுக்குப் போனான், அவன் மனைவி பிலோமி அதன்மேல் தண்ணீர்க்குடத்தை வைத்தாள், குடம் ஆடாமல் நின்றது.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு, அதைக் கொண்டுவந்தவர் தொபியாஸ். காலையில் மேனேஜர் பெயர் கூப்பிடும்போது "இருக்கேன்யா" என்று ஒரு குரல் வந்தால் அந்த ஆள் வந்தாயிற்று. சங்க வேலையாக வெளியூர் போன தோழனின் பெயருக்கு இன்னொருவன் குரல் கொடுத்து, அவன் வேலையையும் சேர்த்துச் செய்வான். போனவன் மறுநாள் வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போடுவான். எவன் பெயருக்கு எவன் குரல் கொடுத்தாலும் அது சங்கத்தின் குரல் என்று ஒரு துண்டறிக்கையில் தொபியாஸ் எழுதினார். அந்த வரியைக் கண்ணாடி போட்டு மாட்டாத குறையாகப் பதினைந்து வருடம் நெஞ்சில் வைத்திருந்தார்.

வெள்ளோட்டம் போன படகு சாயங்காலம் திரும்பி வந்தபோது பூமில் பாய் ஐந்து சுற்றுச் சுருண்டிருந்தது. மேனேஜர் இருந்தார், படகை வாங்கவிருந்த டாக்டர் இருந்தார், அன்றைக்கு மட்டும் வெளியூரிலிருந்து வந்து சுக்கான் பிடித்தவன் இருந்தான். கஸ்மீர் இல்லை. உடல் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. ஏறியவர்கள் பட்டியலில் கஸ்மீர் பெயர் இல்லை, அவன் தன் சொந்த விருப்பத்தில் எங்கோ கடலில் இறங்கியிருக்க வேண்டும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. பட்டியலில் யார் பெயர் இருந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தொபியாஸும் சொல்லவில்லை.

நான்கு மாதம் படகு கரையில், மரத்தொட்டிலின்மேல், சுருட்டிய பாயோடு அப்படியே நின்றது. பங்குனியில் ஆனைமுனைக்குக் காற்று வருவது நின்றுபோனது. நாற்பது நாள் ஒரு தென்னங்கீற்று அசையவில்லை; கருவாடு உலராமல் ஊசியது, உப்பளத்தில் பாத்தி கெட்டியாகாமல் சீக்குப் பிடித்த கண்போலக் கிடந்தது, புகை எழுந்த இடத்திலேயே நின்று பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான், பாயில் உப்பு ஏறியிருக்கும், பிரித்துக் கழுவி வையுங்கள் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. தச்சன் பர்னபாஸ் ஏறிக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

சுருளிலிருந்து கார்த்திகை மாதத்து வாடைக்காற்று வெளியே வந்தது. அன்றைக்கு ஐந்தாவது சுற்றைச் சுற்றும்போது அடித்த காற்று அது, அதே குளிரும் அதே மழை வாசனையுமாக, நான்கு மாதம் உள்ளே சுருண்டு கிடந்த கோபத்தோடு வந்து ஷெட்டின் மேல் பதினெட்டுத் தகடுகளைப் பிடுங்கியது. மரம் ஒரு வீச்சு வீசியது, பர்னபாஸ் குனிந்ததால் பிழைத்தான். ஒரு பீடி குடிக்கும் நேரம்தான் அடித்தது. அடித்து முடியும்போது, தேங்காயைக் கல்லில் போட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. எல்லோரும் தளத்தில் எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். விழுந்திருக்கவில்லை.

"இன்னும் நாலு சுத்து இருக்கு" என்றான் பர்னபாஸ், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

ஆச்சரியப்படுவதற்கு ஆனைமுனைக்கு நேரமில்லை. காற்று யாருக்கு என்பதுதான் கேள்வி. சாயங்காலமே ஊர்க் கமிட்டி கூடியது. பாய் டாக்டருடையது, பூம் கம்பெனியுடையது, ஆனால் காற்று ஆனைமுனைக் கடலில் பிடித்தது, ஆகவே அது ஊருடையது என்று தொபியாஸ் எழுந்து நின்று பேசினார், எண் போட்டுப் பேசினார். பாயை அறுத்து எரிக்கச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பியபோது, மீன் அறுக்கும் பெண்கள் அரிவாள்மனைகளோடு படகைச் சுற்றி உட்கார்ந்து அங்கேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வந்த ஆள் செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பிப் போனான். நான்கு சுற்றில் ஒன்று பிலோமிக்கு, ஒன்று கருவாட்டுக்கு, ஒன்று மாதா கோயில் கொடியேற்றத்துக்கு என்று கமிட்டி தீர்மானித்தது. உள்ளே கடைசியாக இருந்த முதல் சுற்றை என்ன செய்வது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பிலோமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்து, இடுப்பில் வைத்துக்கொண்டு யார்டுக்கு வந்தாள்.

"மேலே இருக்கிறது அவரு காத்து. அவரு செஞ்ச பிடியாலதான் பிடிக்கணும்" என்றாள்.

அப்படித்தான், கடலில் கேட்டபோது மறுக்கப்பட்ட மூன்றும் கரையில், தொட்டிலின்மேல் நிற்கிற படகுக்குக் கிடைத்தன. பர்னபாஸ் மரத்தின் பின்பாதியில் சட்டங்களை அறைந்து இழைத்தான். தொபியாஸ் படகின் பின்புறத்தில் பழைய கேட்டின் இரும்பை வைத்துத் தண்டவாளம் போட்டு, நுனிக்கயிற்றை அதில் ஓடவிட்டார். சுருளின் நடுவில் நண்டுப்பிடியை மாட்டி, நான்கு கப்பி வழியாகக் கயிற்றை இறக்கித் தளத்தில் கட்டினார். பிறகு பர்னபாஸ் கைப்பிடியைத் திருப்பினான். நான்காவது சுற்று திறந்து, ஐந்தாவதற்குச் சற்றும் குறையாத வாடை வந்து பாயை அறைந்தது. மரம் ஒரு விரல்கூடத் துள்ளவில்லை. நுனி தாழவில்லை. பாய் பலகைபோல விறைத்து நின்றது. கீழே நின்ற எழுபது பேரும் அதைப் பார்த்தார்கள், பார்த்ததன் பொருள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. பிலோமி மட்டும் அந்த வெண்கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு குடத்துக்கு முட்டுக் கொடுத்த நாலு விரல் கனப் பொருளை.

அந்தக் காற்றுக்குள் கஸ்மீரின் குரல் இருந்தது. "நடுவுல பிடி இல்லாம இது நிக்காதுய்யா. திரும்பிருவோம்" என்றது. அதன் பின்னாலேயே சீதாபதியின் குரல்: "சுத்துடா. பேசாமச் சுத்து."

மறுநாள் சங்கம் மேனேஜர் அறைக்குப் போனது. சீதாபதி நாற்காலியில் சாய்ந்து, காற்று பேசியதை மறுக்கவே இல்லை. "பேசுச்சு. நானும் ஜன்னல் வழியாக் கேட்டேன். ஆனா காத்து கைநாட்டு வைக்குமா? எந்தக் குரல் எவனோடதுன்னு கோர்ட்டுல யாரு சொல்றது?" என்றார்.

தொபியாஸ் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினார், ஆறு அநியாயங்களையும் வரிசையாக. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பாயிலிருந்து வரும் குரலைச் சாட்சியமாக ஏற்க விதியில் இடமில்லை. ஆனால் பெயர் கூப்பிட்டுப் பதில் வருவது எங்கே நடந்தாலும் அது வருகைப்பதிவு. அப்படி ஏதும் பாயில் இருந்தால் சாட்சிகள் முன்னிலையில் பிரித்துக் கேட்கத் தயார், சித்திரை இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று வேணுகாதேவி என்ற ஆய்வாளர் கையெழுத்திட்டிருந்தார். தொபியாஸ் அதைக் கோயில் சுவரில் ஒட்டினார். முதல் சுற்று மேடம் வரும்வரை யாருக்கும் கிடையாது என்று கமிட்டியில் அடித்துப் பேசி முடித்தார். பெயர் கூப்பிடுவது எப்போதும் வாசலில் நடப்பது, அது பாய்க்குள் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாயில் ஏதாவது ஒரு இடத்தில் யாராவது கஸ்மீரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள், அது போதும் என்று நினைத்திருந்தார்.

மூன்றாவது சுற்று கருவாட்டுக்குத் திறந்தபோது, பெண்கள் சால்வையும் பழைய ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வந்து, பங்குனி வெயிலில் பல் கிடுகிடுக்க மீனைப் பரப்பினார்கள். அரை மணி நேரம் அடித்தது. அந்தக் காற்றில் கஸ்மீர் பேசவில்லை, சீட்டியடித்தான். முதலில் ஒன்றிரண்டு பேர் அழுதார்கள். பிறகு பழகிவிட்டது.

"ஏ கஸ்மீரு, கொஞ்சம் தெக்கால திரும்பி அடிடே, நெத்திலி அந்தப் பக்கம் கெடக்கு."

"உயிரோட இருக்கும்போதே ஒரு வேலை சொன்னா ஓடிருவான். இப்பவா கேக்கப்போறான்?"

"மேனேஜர் பக்கம் அடிச்சிராதடே, கருவாட்டுக்கு நாத்தம் பத்தாதுன்னா அப்புறம் சொல்லுதோம்."

சிரித்தார்கள். செத்தவனின் கடைசி மணிநேரங்களில் மீன் உலர்த்தினார்கள், நன்றாக உலர்ந்தது, சந்தையில் ஆனைமுனைக் கருவாட்டுக்கு ஒரு மழை வாசனை இருக்கிறது என்று கேட்டு வாங்கினார்கள். தொபியாஸுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கொலையை ஊர் இப்படித் தின்று செரித்துவிடும் என்று அவர் எந்தத் துண்டறிக்கையிலும் படித்ததில்லை.

இரண்டாவது சுற்று கொடியேற்றத்தன்று திறந்தது. கோயில் யார்டுக்குப் பக்கத்துமனை. கொடி சுருங்காமல் பறக்க வேண்டும் என்பதற்காகப் படகை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கொடி ஏறியது, காற்று வந்தது, நீலத்துணி சடசடவென்று விரிந்தது, பாண்டுக்காரர்கள் அடித்தார்கள், வெடி போட்டார்கள், சனம் முழுவதும் மேலே பார்த்தது. படகின் அருகில் இருந்தவர்கள் இரண்டு பேர்: கயிற்றைப் பிடித்திருந்த தொபியாஸ், வளையத்தின்மேல் கை வைத்திருந்த பிலோமி. வெடிச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் இருவருக்கு மட்டும் கேட்டது.

"உன் பேரு என்னடா?" என்றது சுக்கான்காரனின் குரல்.

"சாயங்காலம் வரைக்கும் தொபியாஸ்" என்றது கஸ்மீரின் குரல். "கேக்கலயா, மேனேஜர் படகுத்துறையிலயே வச்சுப் பேரு கூப்பிட்டாருல்லா? சங்கத் தலைவராக்கும். மரியாதையாப் பேசணும்." அவன் சிரிப்பது கேட்டது. கொடி பறந்தது.

பிலோமி திரும்பிப் பார்த்தாள். தொபியாஸ் கயிற்றைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டு அனுப்பினாள். தண்ணீர்க்குடம் இரண்டு செங்கல்லின்மேல் சாய்ந்து நின்றது. அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"டவுன்ல. மில் வாசல்ல கூட்டம். நான் பேசணும்னு அழைச்சிருந்தாங்க."

"உங்க பேருக்கா அவரு படகுல ஏறுனாரு?"

"ஆமா."

"நீங்க சொன்னீங்களா, அவரா போனாரா?"

தொபியாஸுக்குப் பதில் தெரியும். பேருந்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நாளைக்கு என் பேருக்கு நீ குரல் குடுத்திரு என்று சொன்னது அவர்தான். பாய் வேலை தனக்குத் தெரியாதே என்று கஸ்மீர் சொன்னதும், கைப்பிடியைச் சுத்துறதுக்கு என்னடே தெரியணும் என்று தான் சொன்னதும் வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

"அஞ்சு மாசமா அநியாயத்தை எண்ணி எண்ணிச் சொல்லுதீங்களே அண்ணே. இது எத்தனாவது?"

 அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. செங்கல்லை நகர்த்திக் குடத்தை நேராக வைக்கப் பார்த்தாள், அது மறுபடி சாய்ந்தது.

"முதல் சுத்தைத் திறக்கணும். அவரு குரலை நான் இன்னொரு தடவை கேக்கணும். அதுல அவரு யாரு பேருக்குப் பதில் சொன்னாலும் சரி" என்றாள்.

படகுத்துறையிலேயே பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டருக்குக் காட்டுவதற்காகத் துறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்கள். அப்படியானால் முதல் சுற்றுக்குள் இருப்பது அந்தக் கூப்பாடுதான் என்று தொபியாஸுக்கு நடந்து வரும் வழியில் தெளிவாயிற்று. மேனேஜர் 'தொபியாஸ்' என்பார், குரல் 'இருக்கேன்யா' என்னும், மேடம் விதிப்படி எழுதிக்கொள்வார், விதிப்படி தொபியாஸ் படகில் இருந்தார், தொபியாஸ் உயிரோடு இருக்கிறார், ஆகவே யாரும் சாகவில்லை. மேடத்தை வரவழைத்தது அவர். சுவரில் ஒட்டியது அவர்.

அன்று மதியம் உப்பளத்துக்காரர்கள் நாலு பேர் வந்து, கடைசிச் சுற்றை எங்களுக்குக் கொடுங்கள், மேடத்துக்குக் காத்து எதுக்கு, எங்களுக்குப் பாத்தி கெடக்கு என்று கெஞ்சினார்கள். அவர்களை அனுப்பியது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சற்று நேரத்தில் மேனேஜரே கூப்பிட்டார். மேசைமேல் வருகைப் புத்தகம் திறந்திருந்தது. கார்த்திகைப் பக்கம். தொபியாஸ் என்ற பெயருக்கு எதிரே தொபியாஸின் கையெழுத்து.

"இது நீங்க போட்டதுதானே?"

"ஆமா."

"படகு திரும்புன மறுநாள் காலையில போட்டீங்க. அப்பவே ஊரே பேசுச்சு. தெரிஞ்சுதானே போட்டீங்க?"

தெரிந்துதான் போட்டார். பேருந்து நிலையத்திலேயே சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் பதினைந்து வருடமாக எழுபது பேர் கொடுத்த குரல்களெல்லாம் கள்ளக் குரல்கள் என்று ஆகும், வழக்கம் போகும், சங்கம் போகும் என்று அந்த நிமிடத்தில் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். தொபியாஸ் என்ற பெயர் போகும் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் பேனாவைப் பிடித்த விரலுக்கு அது தெரியும்.

"உப்பளத்துக்குக் குடுத்திருங்க தொபியாஸ். அந்தக் குரல் யாரோடதுன்னு மேடம் தோண்டுனா ரெண்டு பேருக்கும் வம்பு. நாலு பேரு பிழைப்பாங்க. உங்க சங்கமும் இருக்கும், என் நாற்காலியும் இருக்கும்" என்றார் சீதாபதி. முப்பது வருடத்தில் அவர் தொபியாஸிடம் இத்தனை தணிவாகப் பேசியதில்லை. அந்தத் தணிவுதான் தொபியாஸை அறைந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே அவரும் சீதாபதியோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

சித்திரை இருபதாம் தேதி காலை வேணுகாதேவி வந்தார். ஒல்லியான பெண், கையில் அட்டை வைத்த தாள்கள். படகைச் சுற்றி ஊர் நின்றது. சாட்சிகளாகப் பர்னபாஸ், பங்குச் சாமியார், கமிட்டித் தலைவர், மீன் அறுக்கும் பெண்களில் இரண்டு பேர் என்று ஐந்து பெயரை எழுதிக்கொண்டு, அவர்களை வரிசையாக முன்னால் நிறுத்தினார். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிலோமி படகின் அருகில் போய் வளையத்தின்மேல் கை வைத்தாள்.

பர்னபாஸ் கைப்பிடியைச் சுற்றினான். கடைசிச் சுற்று விலகிப் பாய் முழுவதும் வெறுமையாகத் தொங்கியது. இந்தக் காற்று வீசவில்லை, வந்தது. புயலுக்கு முந்தின காலையில் துறையில் நின்றிருந்த, இன்னும் ஒன்றும் நடக்காத காற்று. யாரோ டாக்டருக்குக் கைப்பிடியை விளக்கினார்கள். ஒரு காகம் கத்தியது. பிறகு சீதாபதியின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர் கூப்பிட்டது.

"சுக்கான், வேலாயுதம்."

"இருக்கேன்யா."

"பாய்க்கயிறு, தொபியாஸ்."

"இருக்கேன்யா" என்றது கஸ்மீரின் குரல், பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல உற்சாகமாக.

பிலோமி கண்ணை மூடிக்கொண்டாள். சீதாபதி எழுந்தார். "கேட்டீங்கல்லா மேடம். ஏறினது தொபியாஸ். புத்தகத்துலயும் கையெழுத்து இருக்கு. ஆளும் இதோ, கல்லுமாதிரி நிக்காரு."

வேணுகாதேவி எழுதினார். எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தார். "மனுதாரர் சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

தொபியாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை விரித்தார். முதலாவது அநியாயம் என்று தொடங்கினார், கூட்டத்தில் யாரோ சலித்துக்கொண்டார்கள், அவர் நிறுத்தவில்லை. மணல்மேட்டை வாசித்தார், வெல்லத்தை வாசித்தார், பதினான்கு மாதத்தை வாசித்தார், வெண்கலத்தை வாசித்தார், புயல் கூண்டை வாசித்தார். ஆறாவதுக்கு வந்ததும் நின்றார்.

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒண்ணை நான் விட்டுட்டேன்" என்றார். "கம்பெனி செஞ்சது இல்ல அது. படகுல போகவேண்டியவன் நான். வேலை தெரியாதவனை என் பேருக்குக் குரல் குடுக்கச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் அவன் செத்துட்டான்னு தெரிஞ்ச பிறகு, புத்தகத்துல என் பேருக்கு எதிர்ல நானே கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதாலதான் ஆறாவதை இவங்களால எழுத முடிஞ்சது. ஆகவே அநியாயம் ஏழு."

சங்கத்துக்காரர்கள் அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்கவில்லை. பதினைந்து வருட வழக்கம் அந்த இடத்திலேயே முடிந்தது, அது அவருக்கும் தெரியும். "அண்ணே, இத்தனை பேரையும் விட்டுக் குடுத்துட்டீங்களே" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னது கேட்டது.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றார் வேணுகாதேவி.

"தாரேன்."

தாளைப் படகின் மரத்தொட்டிலில் வைத்து, விட்டுப்போனதை அதன் இடத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எழுதினார். பழைய ஆறை அடித்து ஏழு என்று திருத்தினார். கையெழுத்துப் போட்டார். காற்று மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது, பாய் ஒரு தடவை நெளிந்தது.

"குரல் குடுத்தவர் பேரு இதுல இல்லையே" என்றார் வேணுகாதேவி. "அவர் பேரை எழுதுங்க. எழுதினதைச் சாட்சிகளுக்கு முன்னாடி சத்தமா வாசிக்கணும். அதான் விதி."

எழுதினார். ஐந்து சாட்சிகளும் ஓரடி நெருங்கி வந்தார்கள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மீன் அறுக்கும் பெண்களில் ஒருத்தி, "சும்மா இரும்" என்றாள். பாயில் மிச்சமிருந்த காற்றும் நின்றுபோனது. வளையத்தைப் பிடித்தபடி பிலோமி நிமிர்ந்து பார்த்தாள். தொபியாஸ் தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, முப்பது வருடமாக வாசல் கூட்டங்களில் வாசித்த அதே குரலில், எழுத்தெழுத்தாக வாசித்தார்:

"ஆனைமுனை, வார்ப்புப் பட்டறை, ரெமிஜியுஸ் மகன் கஸ்மீர்."